அலபாமாவின் மருத்துவச்சிகளும் அரசின் உரிமமும்

அமெரிக்காவில் மருத்துவத் தொழில்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலங்களின் கையில் இருப்பதால், வீட்டிலோ தனிப் பேறுகால மையத்திலோ பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி ஒரு மாநிலத்தில் அரசு ஏற்ற தொழிலராகவும், அடுத்த மாநிலத்தில் சட்டத்துக்குப் புறம்பானவராகவும் கருதப்படும் நிலை நெடுங்காலமாக நீடிக்கிறது. உரிமம் தாயைக் காக்கிறதா, வேறு யாருடைய நலனையோ காக்கிறதா என்பதை அதன் விதிகளைப் படித்தால்தான் அறிய முடியும். அதற்கு அலபாமாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கடந்த நூற்றாண்டின் முற்பாதியில், நிறவேற்றுமை காரணமாக மருத்துவமனைகள் கதவடைத்திருந்த அம்மாநிலத்துக் கறுப்பினப் பெண்களுக்கு, கிராமப்புற மருத்துவச்சிகளை விட்டால் வேறு துணை இல்லை. அவர்களை ஒழிக்க இயலாத அரசு, மாவட்டச் சுகாதாரத் துறை வழியாக அனுமதிச் சீட்டு வழங்கி, வகுப்புக்கு வரவழைத்து, அவர்கள் சுமந்து செல்லும் பையைச் சோதித்தது. வெள்ளை மேலங்கி, கத்தரிக்கோல், தொப்புள்கொடியைக் கட்டும் நாடா, பிறந்த குழந்தையின் கண்ணில் நோய்த்தொற்று பார்வையைப் பறிக்காமலிருக்க இடும் சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து ஆகியவை அந்தப் பையில் தூய்மையாக இருக்க வேண்டும். பாட்டிமார் கற்றுத் தந்த பச்சிலைகள் இருக்கக் கூடாது. அந்தச் சோதனையில் அவமதிப்பும் கலந்திருந்தது என்றாலும், தூய்மை பற்றிய அதன் அக்கறை நியாயமானதே.

கிரீன் மாவட்டத்தில் 3,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த மார்கரெட் சார்லஸ் ஸ்மித் இந்த முறையின் கீழ்ப் பணியாற்றியவர். 1976-இல் அலபாமா இயற்றிய சட்டம், செவிலியர் படிப்புக்குப் பின் பேறுகாலப் பயிற்சியும் பெற்ற செவிலி-மருத்துவச்சிகளுக்கே இனித் தொழில் உரிமை என்று வரையறுத்து, பழைய சீட்டுகளை ரத்து செய்யும் அதிகாரத்தை மாவட்டச் சுகாதாரத் துறைகளிடம் விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சீட்டுகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. அனுபவத்தில் முதிர்ந்தவர்களை மேற்பயிற்சி கொடுத்துத் தக்கவைக்கும் வழி இருந்தும் அரசு அதை நாடவில்லை என்பதே இங்கு நடந்த பெரும் பிழை. 2004-இல் காலமான ஸ்மித்தை, 2010-இல் அலபாமாவின் புகழ்பெற்ற பெண்கள் வரிசையில் சேர்த்துப் பெருமைப்படுத்தினார்கள்.

வீட்டுப் பிரசவம் கேட்ட பெற்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பின், 2017-இல் வந்த சட்டம் ‘சான்று பெற்ற தொழில்முறை மருத்துவச்சி’ என்னும் பிரிவினருக்கு உரிமம் பெற வழி திறந்தது. செவிலியர் பட்டம் இல்லாமல், மூத்த மருத்துவச்சியிடம் உடனிருந்து கற்றோ தனிப்பள்ளியில் பயின்றோ தேசியத் தேர்வில் தேறுபவர்கள் இவர்கள். மருத்துவமனைக்கு வெளியே பிரசவம் பார்த்த அனுபவம் இச்சான்றிதழுக்குக் கட்டாயம். ஆனால் இரட்டைக் குழந்தைகள், தலை கீழாக இல்லாத சிசு, முன்பு சிசேரியன் ஆன தாய் ஆகிய பிரசவங்களை இவர்கள் பார்க்கக் கூடாது. இவற்றில் ஆபத்து கூடுதல் என்பதால் வரம்பு தேவைதான். எனினும், பிரசவப் பிரிவு தொலைவில் உள்ள ஊரில், ஒரு தாயைத் தொடக்கூடாது என்று மருத்துவச்சியை மட்டும் தடுத்தால், அந்தத் தாய் எவர் துணையுமின்றிப் பிள்ளை பெறும் அபாயம் எழுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1994 முதல் பதிவு பெற்ற மருத்துவச்சிகள் வீட்டிலும் மருத்துவமனையிலும் பிரசவம் பார்க்கிறார்கள், செலவை அரசு ஏற்கிறது. வீட்டில் சிக்கல் தோன்றினால் அதே மருத்துவச்சி தாயோடு மருத்துவமனைக்குள் செல்ல முடிகிறது என்பதால், தயங்கித் தாமதிக்க வேண்டிய தேவை குறைகிறது. அலபாமாவின் உரிமம் மருத்துவச்சிக்குத் தொழில் செய்யும் உரிமையைத் தந்திருக்கிறது; மருத்துவமனைக்குள் இடம் தரவில்லை. அந்த இடத்தையும் சேர்த்துத் தரும்வரை அதை அரைகுறைச் சீர்திருத்தம் என்றே சொல்ல வேண்டும்.