சட்டியின் கீழுள்ள திறப்பு

மாம்புரிக் கடற்கரையை அடுத்த மணல்நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுவோர் வீடுகளிலே ஒரு வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். விடியற்காலையில் வீட்டார் அனைவரும் தோட்டத்துக்குப் புறப்படும்பொழுது, கதவைப் பூட்டித் திறப்பை வாசலிலுள்ள மண்சட்டியின் கீழே வைத்துச் செல்வர். பள்ளியிலிருந்து மீளும் பிள்ளை அதை எடுத்துத் திறந்துகொள்ளும். அச்சட்டியின் மறைபொருளை அறியாதவர் அயலில் எவருமிலர். அறிந்தும் எவரும் தொடுவதில்லை. ஆகவே அவ்வீட்டைக் காப்பது பூட்டன்று, அயலாரின் நேர்மையே.

இதனை எனக்கு நினைவூட்டியவர் என் பழைய மாணவர் ஒருவர். கணினித் தொழில் கற்று, கொழும்பில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். மரக்கறி வாங்கும் வணிகருக்கும் விளைவிப்போருக்கும் இடையே கணக்கு வைக்கும் கைத்தொலைபேசிச் செயலியொன்றை அந்நிறுவனம் ஆக்கியுள்ளது. எவர் எத்தனை மூடை கொடுத்தார், எவ்வளவு பணம் நிலுவை, அவருடைய வங்கிக் கணக்கு இலக்கம் யாது என்பனவெல்லாம் அதனுள்ளே அடங்கும். விடுமுறையில் ஊர் வந்தவர் அதனை எனக்குப் பெருமையோடு காட்டினார். "எல்லாம் குறியாக்கம் செய்து வைத்திருக்கிறோம் ஐயா, ஒருவரும் வாசிக்க இயலாது" என்றார். "அப்படியாயின் செயலி எப்படி வாசிக்கிறது, தம்பி?" என்று கேட்டேன். "திறப்பைச் செயலிக்குள்ளேயே எழுதிவிட்டோம்" என்று சொல்லி, அவரே சற்று மௌனமானார்.

நான் கணினி நூல் கற்றவனல்லேன்; இலக்கணம் கற்பிப்பவன். ஆயினும் அந்த மௌனத்தின் பொருளை அறியவேண்டுமென்று அவரைக் கேட்டும் நூல்களைத் துருவியும் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

குறியாக்கம் என்பது, ஒரு செய்தியை ஓர் எண்ணின் துணையால் உருத்தெரியாதபடி மாற்றிவிடுதல். அவ்வெண்ணே திறவுகோல். இக்காலத்து வழங்கும் முறைகளில் அது 256 பூச்சியங்களும் ஒன்றுகளுமாக அமையும். அவ்வாறு அமையக்கூடிய திறவுகோல்களின் தொகையை எழுதப் புகுந்தால் 78 இலக்கங்கள் கொண்ட எண் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறத்தல் மனிதர்க்கும் இயலாது, பொறிக்கும் இயலாது. ஆகவே கள்வன் பூட்டை உடைக்க முயல்வதில்லை. சட்டி எங்கேயென்றே தேடுகிறான். (திறவுகோல் என்பது பழந்தமிழ், தாழை விலக்குங் கோல் என்பது அதன் பொருள். தமிழகத்தார் வழங்கும் சாவி போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அப்போர்த்துக்கேயர் நெடுங்காலம் நடமாடிய இக்கற்பிட்டிக் கரையிலோ, நாம் இன்றும் திறப்பு என்றே சொல்லுகிறோம். இது எனக்கு என்றும் ஒரு வியப்பு.)

நிற்க. வீட்டுக்கு முன்னுள்ள சட்டிக்கும் செயலிக்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. வீடு ஒன்றே. செயலியோ, வேண்டுவோர் அனைவர்க்கும் ஒவ்வொரு படியாக வழங்கப்படுவது. அதனுள் எழுதிய திறப்பும் அத்தனை படிகளிலும் அதே திறப்பாகச் செல்கிறது. செயலியின் கட்டை அவிழ்த்து, உள்ளே எழுதியுள்ளவற்றை மனிதர் வாசிக்கும் வடிவிற்கு மீட்டுத்தரும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன; பழகிய கைக்குச் சில நிமிட வேலை. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் கூகுள் கடையிலிருந்த 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட செயலிகளை இறக்கி, அவற்றுட் பெரும்பாலானவற்றை அவிழ்த்துப் பார்த்தபொழுது, ஆயிரக்கணக்கான இரகசியத் திறப்புகள் அவற்றுள் வெளிப்படையாகக் கிடந்தன. என் மாணவர் செய்த பிழை அவர் ஒருவருடையதன்று.

சிறு நிறுவனங்களே இவ்வாறு செய்யும் என்று எண்ணவும் வேண்டா. இந்திய அரசின் ஆதார் அட்டைக்கென 2017இல் வெளிவந்த எம்-ஆதார் செயலியைப் பிரான்சு நாட்டுப் பாதுகாப்பாய்வாளர் ஒருவர் 2018 சனவரியில் ஆராய்ந்து, தாம் கண்டதை வெளியிட்டார். அச்செயலி கைத்தொலைபேசியில் வைத்திருந்த தரவுத்தளத்துக்கு ஒரு கடவுச்சொல் இருந்தது. அதை ஆக்குவதற்கு, எழுந்தமானமான எண்ணைத் தரும் கணித முறையொன்றைக் கையாண்டிருந்தனர். ஆனால் அம்முறைக்கு வித்தாகக் கொடுத்த எண் யாதெனில், 123456789! ஒரே வித்தை இட்டால் அம்முறை என்றும் ஒரே விளைவையே தரும். வாய்பாட்டை எவர் ஒப்பித்தாலும் ஒரே விடை வருவதுபோல, எவரும் அதே எண்ணைப் பெறலாம். அதனோடு சேர்த்திருந்த சொற்றொடரோ, 'தரவுத்தளக் கடவுச்சொல் 123' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். நாலாம் வகுப்புப் பிள்ளை தன் கொப்பியை ஒளிக்கவும் இதனினும் நல்ல உபாயம் காணும் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் இகழ்வதில் பயனில்லை. வேலையை விரைந்து முடிக்க வேண்டியவன், பின்னர் மாற்றலாம் என்று எழுதிவைத்த எழுத்து அப்படியே உலகுக்குப் போய்விடும் இயல்பினது.

இவ்விடயத்தில் நெறி வகுத்தவர் நம்மைப்போன்ற ஒரு மொழியாசிரியர் என்பது கேட்டு மகிழ்ந்தேன். ஒல்லாந்திலே பிறந்து பிரான்சிலே மொழி கற்பித்த ஒகுஸ்த் கெர்க்கோப்ஸ் என்பார், 1883ஆம் ஆண்டில் படைத்துறை மறையெழுத்தைப் பற்றி இரு கட்டுரைகள் எழுதினார். மறையெழுத்துமுறை முழுவதும் பகைவன் கைப்பட்டாலும் கேடு விளையலாகாது. திறவுகோல் ஒன்றே மறைவாயிருந்தாற் போதும் என்பது அவர் கொள்கையின் சாரம். உலகெலாம் பேசுதற்கென ஆக்கப்பட்ட வொலப்யூக் என்னும் செயற்கை மொழியைப் பரப்பவும் அவர் பெரிதும் உழைத்தார். அம்மொழி அருகிவிட்டது, இந்நெறி நின்றுவிட்டது. கைத்தொலைபேசியில் பகைவன் கைப்படுவது செயலி முழுவதும். அதனுள்ளே திறவுகோலையும் வைத்தால், கெர்க்கோப்சு காக்கச் சொன்ன ஒன்றையும் கொடுத்தவராவோம்.

"எழுத்துக்களைக் கலைத்து, துண்டு துண்டாகப் பல இடங்களில் மறைத்து வைத்தால் என்ன?" என்று என் மாணவர் வாதித்தார். சட்டியின் கீழிருந்ததை உரலின் கீழே மாற்றுவது போலும். தேடுவோனுக்கு ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவே. செயலி தானே அத்துண்டுகளைச் சேர்த்து ஒருகணம் திறப்பாக்குமன்றோ? அக்கணத்திலே காத்திருந்து பறிப்பர்.

சரியான முறை யாது? நொத்தாரிசின் கந்தோரை எண்ணிப் பாருங்கள். உறுதி முடிக்க விரும்புபவர் கடதாசியைக் கொண்டு உள்ளே செல்கிறார். முத்திரை பதிந்து வெளியே வருகிறார். வெளியே வருவது உறுதியேயன்றி முத்திரையன்று. இக்காலத்துக் கைத்தொலைபேசிகளில் இத்தகைய கந்தோர் ஒன்று உண்டு. ஏனைய செயலிகளும் இயங்குதளமுங்கூட நுழையவியலாதபடி வன்பொருளிலேயே பிரித்து வைத்த அறை அது. திறவுகோல் அவ்வறைக்குள்ளேயே பிறக்கிறது, அங்கேயே வாழ்கிறது. செயலி, 'இதனைத் திறந்து தருக' என்று கேட்கும், விடை வரும், திறவுகோல் வாராது. உரியவர் விரலை வைத்தாலன்றிப் பணிசெய்யாதே என்றும் அதற்கு ஆணையிடலாம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த அன்ட்ரொயிட் 4.3இல் செயலிகள் தமக்கென அத்தகைய பெட்டகத்தில் திறவுகோல் ஆக்கும் வசதி வந்தது. ஐபோன் 5எஸ் என்னும் கருவியில் அதே ஆண்டில் தனிக்காப்பறை அமைந்தது. 2018இல் அன்ட்ரொயிட் 9 இதற்கெனத் தனிச் சில்லொன்றையும் ஏற்றது. ஒவ்வொரு கருவியிலும் வெவ்வேறு திறவுகோல் பிறப்பதால், ஒன்றை இழந்தாலும் ஊரெல்லாம் இழப்பதில்லை.

நிறுவனத்துக்கே உரிய திறப்புகளோ கைத்தொலைபேசிக்கு வரவே வேண்டா. அவை நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கத்தக்கன. இன்னுமொரு வழியும் உண்டு: திறவுகோலை எங்கும் வையாது, பயன்படுத்துவோர் மனத்திலுள்ள சொல்லிலிருந்து வேண்டும்போது ஆக்கிக்கொள்ளுதல். திருமறைக்காட்டில் அப்பர் பாடத் திறந்தும் சம்பந்தர் பாட அடைத்தும் நின்ற கதவுக்குத் திறவுகோல் அடியார் நாவிலேயே இருந்தது. ஆனால் நாம் அடியாரல்லேம். பிறந்த ஆண்டையே கடவுச்சொல்லாக வைப்போம். அதனால் இவ்வழியை நான் பெரிதும் நம்புவதில்லை.

காப்பறையும் குற்றமற்றதன்று. சாம்சுங் நிறுவனத்தின் எஸ்8 முதல் எஸ்21 வரையான கருவிகளில் அவ்வறையின் அமைப்பிலே பிழையிருந்ததை இசுரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்டனர். அதற்கு முன்னரே நிறுவனம் திருத்தம் அனுப்பியிருந்தது. கருவியின் இயங்குதளத்தையே கைப்பற்றியவன், திறவுகோலைக் கொண்டுபோக இயலாவிடினும், அங்கிருந்தபடியே அதனைக் கொண்டு திறப்பிக்கக்கூடும். எனினும் ஒரு வீட்டில் புகுந்தவனுக்கும் ஊரார் அனைவரின் திறப்பையும் மடியிற் கட்டிக்கொண்டவனுக்கும் வேறுபாடு இல்லையா?

பணங்கொடுக்கும் செயலிகளுக்கென இலங்கை மத்திய வங்கி 2018இல் ஆகக்குறைந்த நெறிகளை வகுத்தது. வெங்காயக் கணக்குச் செயலி பணத்தை அனுப்புவதன்று. ஆதலின் அவ்வேலிக்கு வெளியே நிற்கிறது என்றார் மாணவர். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறியாக்கத்தைப் பெயர்சுட்டிச் சொல்லுகிறது. ஆனால் குறியாக்கம் செய்தாயா என்று கேட்பவர், திறப்பை எங்கே வைத்தாய் என்றும் கேட்கவேண்டும். தோட்டத்தில் நிற்பவர் அதனைக் கேட்க அறியார். கேட்டறிந்து செய்யுங் கடமை ஆக்கியவருடையது. இழப்பு நேர்ந்தபின், 'நீர் கவனமாயிருந்திருக்க வேண்டும்' என்று அவரையே கடிந்துகொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

அடுத்த விடுமுறையில் மாணவர் மீண்டும் வந்தார். திறவுகோலைக் காப்பறைக்கு மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டதாகச் சொன்னார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பழைய பதிப்பிலிருந்த திறப்பு வெளியே போனது போனதே. அதனை விலக்கி, அதனாற் பூட்டிய கணக்குகளையெல்லாம் புதிய திறப்பால் மறுபடி பூட்டவேண்டும். மாம்புரியிலோ, பலர் கையிலிருப்பது புத்தளத்தில் வாங்கிய பழங்கருவிகள். அவற்றுட் சிலவற்றில் புதிய பதிப்பு ஏறாது. பழைய திறப்பை நிறுத்தினால் அவர்களுடைய நிலுவைக் கணக்கு திறவாது. நிறுத்தாவிட்டால் எல்லாருடையதும் திறந்தே கிடக்கும். அன்று மாலை அவர் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு, அத்தகைய கருவி வைத்திருப்போர் வீடுகளுக்கு நடந்து சென்று, நிலுவைகளைக் கையாலே எழுதிவரப் புறப்பட்டார்.