கனரக வாகன ஓட்டுநர்களுக்கான மருத்துவத் தகுதிச் சோதனை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

லாரி, பேருந்து போன்ற வாகனங்கள் சாலையில் ஓடத் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். பிரேக், டயர், விளக்குகள், ஸ்டீயரிங் ஆகியவை சோதிக்கப்பட்ட பின்னரே ‘எஃப்.சி.’ எனப்படும் அச்சான்று புதுப்பிக்கப்படுகிறது. வாகனம் 8 ஆண்டுகளைக் கடந்துவிட்டால் இச்சோதனை ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. வாகனத்தைச் சோதிப்பது போலவே அதை ஓட்டுபவரின் உடல்நிலையையும் சோதிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. இதுவே ஓட்டுநரின் மருத்துவத் தகுதிச் சோதனை.

இச்சோதனை தம் பிழைப்பைப் பறித்துவிடுமோ என்ற அச்சம் ஓட்டுநர்கள் பலரிடம் உள்ளது. அதனால் நீரிழிவு, உறக்கக் கோளாறு, பார்வைக் குறைவு ஆகியவற்றை மருத்துவரிடம் கூறாமல் மறைப்போரும் உண்டு. உண்மையில், ஓட்டுநர்களிடம் பரவலாகக் காணப்படும் நோய்களில் பெரும்பாலானவை சிகிச்சையால் கட்டுப்படக்கூடியவை. கட்டுப்பாட்டில் உள்ள நோயுடன் பணியைத் தொடர இயலும். மறைக்கப்பட்ட நோயே ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் ஆபத்தாக முடிகிறது.

சட்டம் கூறுவது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி, சரக்கு வாகனம் அல்லது பயணியர் வாகனம் ஓட்டுவதற்கான உரிமம் கோருபவர் மருத்துவச் சான்றை இணைக்க வேண்டும். விண்ணப்பதாரர் தம் உடல்நிலை குறித்துத் தாமே அளிக்கும் உறுதிமொழி படிவம் 1 ஆகும். மருத்துவர் பரிசோதித்து அளிக்கும் சான்று படிவம் 1ஏ ஆகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இவ்வகை உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கான உரிமம் 3 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும்.

ஐந்து ஆண்டு என்பது நீண்ட காலம். 45 வயதில் நலமாக இருந்தவருக்கு 47 வயதில் நீரிழிவு வரலாம். 48 வயதில் கண்புரை தோன்றலாம். எனவே உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வரை காத்திராமல், 40 வயதைக் கடந்த ஓட்டுநர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கண், இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

சோதனையில் என்ன பார்க்கப்படுகிறது?

• நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தொலைவில் உள்ள காரின் எண் பலகையை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க இயலுகிறதா என்பது. கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே படிக்கலாம்.
• சிவப்பு, பச்சை நிறங்களை வேறுபடுத்தி அறியும் திறன்.
• மாலைக்கண் நோய் உள்ளதா என்பது.
• ஒலிப்பான் ஓசையைக் கேட்கும் திறன்.
• கை, கால்களின் அமைப்பும் வலிமையும்.
• வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்பது.
• பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய வேறு நோய் உள்ளதா என்பது.

நிறங்களை அறிவதில் லேசான அல்லது நடுத்தரக் குறைபாடு உடையவர்களும் உரிமம் பெறும் வகையில் 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. எனினும் பணியமர்த்தும் நிறுவனங்கள் தமக்கெனக் கடுமையான அளவுகோல்களை வைத்திருக்கலாம்.

பரிசோதனை எதுவும் செய்யாமல் சான்றில் கையொப்பம் மட்டும் பெற்றுச் செல்வது சிலருக்கு எளிதாகத் தோன்றலாம். அது ஓட்டுநருக்கே இழப்பு. தொடக்க நிலையில் கண்டறிந்திருக்கக்கூடிய நோய் அவருக்குத் தெரியாமலேயே வளர அது இடமளிக்கிறது.

பார்வை

பார்வை மெல்ல மெல்லக் குறையும்போது அதை உணர்வது கடினம். எதிர்வரும் வாகனத்தின் விளக்கொளி முன்பைவிட அதிகமாகக் கூசுவது, இரவில் சாலையின் ஓரம் தெளிவாகத் தெரியாமல் இருப்பது, பெயர்ப் பலகையை அருகில் சென்ற பின்னரே படிக்க முடிவது ஆகியவை கண்புரையின் அறிகுறிகளாக இருக்கலாம். கண்புரையை அறுவைச் சிகிச்சையால் நீக்கலாம். அதன் பின், கண் மருத்துவர் அனுமதித்தவுடன் பணிக்குத் திரும்பலாம்.

கண் நீர் அழுத்த நோய் முதலில் பக்கவாட்டுப் பார்வையைக் குறைக்கிறது. நேராகப் பார்க்கும் பார்வை நன்றாக இருப்பதால், எண் பலகையைப் படித்துவிடும் ஒருவருக்கும் இந்நோய் இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்படலாம். ஆகவே அவர்கள் ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து இட்டபின் பார்வை சில மணி நேரம் மங்கலாக இருக்கும். அன்று வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

நீரிழிவும் தாழ்சர்க்கரையும்

நீரிழிவு உள்ள ஓட்டுநருக்குச் சாலையில் உடனடி ஆபத்து தாழ்சர்க்கரை நிலையால் நேர்கிறது. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதே தாழ்சர்க்கரை. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இது ஏற்படும் வாய்ப்பு அதிகம். மாத்திரையை விழுங்கிவிட்டு, சுமை இறக்கத் தாமதமானதால் உணவைத் தள்ளிப்போடுவது ஓட்டுநர்களிடம் இதற்கு முக்கியக் காரணமாகிறது.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பார்வை மங்குதல், குழப்பம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினால்:

1. வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து விலகி அமர வேண்டும்.
2. மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து அருந்த வேண்டும்.
3. 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். இன்னும் குறைவாக இருந்தால் மீண்டும் அருந்த வேண்டும்.
4. அளவு சரியான பின் உணவு உண்ண வேண்டும்.
5. சரியான அளவுக்குத் திரும்பிய பின்னும் 45 நிமிடம் வாகனம் ஓட்டக்கூடாது. சர்க்கரை உயர்ந்த உடனேயே மூளையின் செயல்திறன் முழுமையாக மீள்வதில்லை.

இன்சுலின் பயன்படுத்துவோர் புறப்படும் முன்னும், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும் குளுக்கோமீட்டரில் அளவு பார்ப்பது நல்லது. அளவு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் உணவு உண்ட பின்னரே புறப்பட வேண்டும். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ள சிலருக்கு முன்னறிகுறிகள் தோன்றாமலேயே மயக்கம் வரலாம். அத்தகையவர்கள் வாகனம் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அணுக வேண்டும். பணி நேரத்தைக் கூறினால், தாழ்சர்க்கரை ஏற்படும் வாய்ப்பு குறைந்த மருந்துகளை மருத்துவர் தேர்ந்தெடுக்க இயலும்.

உறக்கமும் மூச்சுத்தடையும்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் நான்கு நொடி கண்ணயர்ந்தால் வாகனம் ஏறக்குறைய 90 மீட்டர் தூரம் எவருடைய கட்டுப்பாடும் இன்றி ஓடுகிறது. பின்னிரவிலும் அதிகாலையிலும், மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்திலும் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடுகிறது.

முகம் கழுவுவது, சன்னலைத் திறப்பது, பாட்டை உரக்க வைப்பது ஆகியவற்றால் உறக்கம் விலகாது. வாகனத்தை நிறுத்தி 15 முதல் 20 நிமிடம் உறங்குவதே பயன் தரும். தேநீரோ காபியோ வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். எனவே அதை அருந்திவிட்டுச் சிறிது உறங்கி எழுவது கூடுதல் பயன் தரும். எனினும் இது தற்காலிக உதவியே. இரவு முழுவதும் இழந்த உறக்கத்தை இதனால் ஈடுசெய்ய இயலாது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்றும், 5 மணி நேரத் தொடர் பணிக்குள் அரை மணி நேர ஓய்வு தேவை என்றும் வகுத்ததற்குக் காரணம் இதுவே.

போதிய நேரம் உறங்கியும் பகலில் தூக்கம் அழுத்தினால், உறக்க மூச்சுத்தடை நோய் இருக்கலாம். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப்பாதையை அடைப்பதால், மூச்சு பத்து நொடிக்கு மேல் நின்று மீண்டும் தொடங்குகிறது. ஓர் இரவில் இது பலமுறை நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் உறக்கம் கலைகிறது. ஆனால் காலையில் அது நினைவிருப்பதில்லை. உரத்த குறட்டை, இடையே மூச்சு நின்று திணறல், காலையில் தலைவலி, உடற்பருமன், தடித்த கழுத்து ஆகியவை இந்நோயைச் சுட்டும்.

இந்நோயை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மனைவியோ அருகில் உறங்கும் சக ஓட்டுநரோதான். ‘அவர் உறங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது’ என்று நீங்கள் மருத்துவரிடம் கூறும் ஒரு வாக்கியம், நோயைக் கண்டறியப் பெரிதும் உதவும். உறக்கப் பரிசோதனை மூலம் இந்நோய் உறுதி செய்யப்படுகிறது. உடல் எடையைக் குறைப்பதும், மதுவை விடுவதும், இரவில் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் கருவியைப் பயன்படுத்துவதும் சிகிச்சை முறைகளாகும். கருவியை ஒழுங்காகப் பயன்படுத்துவோர் பலருக்குப் பகல் தூக்கம் நன்கு குறைகிறது.

இரத்த அழுத்தமும் இதயமும்

இரத்த அழுத்தம் 140/90 என்ற அளவையோ அதற்கு மேலோ தொடர்ந்து காட்டினால் சிகிச்சை தேவை. சில மாத்திரைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்வதால், பயண நாள்களில் அவற்றைத் தவிர்க்கும் ஓட்டுநர்கள் உள்ளனர். அவ்வாறு தவிர்ப்பது ஆபத்தானது. மாத்திரை உண்ணும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை, இதய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் எப்போது பணிக்குத் திரும்பலாம் என்பதை இதய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வலிப்பு நோய்

வலிப்பு நோயின் நிலை வேறு. ஒரு முறை வலிப்பு வந்தாலும் உடனே வாகனம் ஓட்டுவதை நிறுத்திவிட்டு நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும். மருந்தால் வலிப்பு நின்றிருந்தாலும், கனரக வாகனம் ஓட்டுவது பாதுகாப்பானதன்று. இது குடும்பத்திற்குக் கடினமான செய்தி என்பதை நாங்கள் அறிவோம். எனினும் வலிப்பு உள்ளவர் வேறு பல பணிகளைச் செவ்வனே செய்ய இயலும்.

தூக்கம் தரும் மருந்துகள்

சளி, இருமல், ஒவ்வாமை ஆகியவற்றுக்காக மருந்துக் கடையில் வாங்கும் சில மருந்துகளும், கடும் வலிக்கான சில மருந்துகளும், பதற்றத்திற்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் மாத்திரைகளும் தூக்கத்தை வரவழைக்கும். மருந்து வாங்கும்போது ‘நான் வண்டி ஓட்டுபவன்’ என்று முதலில் கூறுங்கள். விழித்திருப்பதற்காகப் பிறர் தரும் மாத்திரைகளை ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள்.

சான்று மறுக்கப்பட்டால்?

மறுப்பு எப்போதும் நிரந்தரமானதன்று. கண்புரை, கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம் போன்ற நிலைகளில் சிகிச்சைக்குப் பின் மீண்டும் சோதனைக்கு வரலாம். உரிமம் வழங்கும் அதிகாரி உரிமத்தை மறுத்தாலோ இரத்து செய்தாலோ, காரணத்தை எழுத்து வடிவில் தர வேண்டும். அவ்வாணை கிடைத்த 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் பணியாற்றுவோருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாக ஆனவரை அரசு நிறுவனம் பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யக்கூடாது; ஊதியம் குறையாமல் மாற்றுப் பணி தர வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கூறுகிறது. தனியார் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்கு இத்தகைய உறுதி இல்லை. அவர்கள் பகல் நேரப் பணி, குறுந்தூரப் பணி, கிடங்குப் பணி ஆகியவை குறித்து உரிமையாளரிடம் பேசலாம். தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென நல வாரியம் இயங்குகிறது. அதில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.

நோய் உடலைப் பாதிக்கும் நிலையில், தம்மால் பிறருக்கு ஆபத்து நேரலாம் என்பதை அறிந்தே பொது இடத்தில் வாகனம் ஓட்டுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

சோதனைக்குச் செல்லும் முன்

• உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், அவற்றின் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.
• கண்ணாடியை மறவாதீர்கள்.
• முந்தைய இரவு நன்கு உறங்குங்கள். இரவுப் பணி முடித்த கையோடு சோதனைக்குச் செல்ல வேண்டாம்.
• இயன்றால் குடும்பத்தினர் ஒருவர் உடன் செல்லுங்கள்.

உடனே உதவி தேவைப்படும் நிலைகள்

நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை இழப்பு, மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், ‘அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்’ என்று எண்ணாதீர்கள். வாகனத்தை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை இட்டு, 108ஐ அழையுங்கள்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது அறிதலுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்கள் மருத்துவருடன் கலந்து எடுங்கள்.