மாரத்தான் தே சாபிள்

மாரத்தான் தே சாபிள் என்பது மொரோக்கோவின் தென்பகுதியில், சகாரா பாலைவனத்தில் நடைபெறும் பல நாள் ஓட்டப் பந்தயம் ஆகும். பிரெஞ்சு மொழியில் "மணல்களின் மாரத்தான்" என்று பொருள்படும். 1984 இல் அல்சீரியப் பாலைவனத்தில் 350 கிமீ தனியாக நடந்த பத்திரிக் பவுர் என்ற பிரெஞ்சுக்காரர் 1986 இல் இதனைத் தொடங்கினார். வீரர்கள் ஏறத்தாழ 250 கிமீ தொலைவைக் கடக்க வேண்டும். உணவு, தூங்குபை, திசைகாட்டி ஆகியவற்றை அவர்களே சுமந்து செல்வர். குடிநீர் வழியில் வழங்கப்படும்.

வழி தவறிய வீரர்

மணற்புயல் இங்கு பேராபத்து எனலாம். அது வழிக்குறிகளை மறைப்பதுடன் மணல்மேடுகளின் உருவத்தையும் மாற்றிவிடுகிறது. 1994 ஆம் ஆண்டுப் பந்தயத்தில் இத்தாலியக் காவல்துறை அதிகாரியான மௌரோ புரொசுபெரி புயலில் சிக்கினார். நிற்காமல் தொடர்ந்து ஓடியதால் வழி தவறினார். புயல் ஓய்ந்தபோது அவரைச் சுற்றி எவரும் இல்லை. புட்டியில் சிறிதளவு நீரே இருந்தது. பாழடைந்த வழிபாட்டிடம் ஒன்றில் ஒதுங்கி, அங்கிருந்த வௌவால்களை உண்டார். தம் சிறுநீரையும் குடித்தார். பின்னர் விடியலில் அடிவானத்தில் தெரியும் மேகங்களை நோக்கிச் செல்லுமாறு துவாரெக் மக்கள் கூறியிருந்ததை நினைவிற்கொண்டு, காலையிலும் மாலையிலும் மட்டும் நடந்தார். ஒன்பது நாட்களுக்கும் மேலாக அலைந்த பின் நாடோடிகள் அவரைக் காப்பாற்றினர். அப்போது அவர் தம்மை அறியாமலேயே எல்லையைக் கடந்து அல்சீரியாவுக்குள் வந்திருந்தார். 15 கிலோவுக்கும் மேல் எடை குறைந்திருந்தது. பின்னாளில் இதே பந்தயத்தில் அவர் மீண்டும் ஓடினார்.