மணிச்சத்தைத் தேடிப் போகும் இழைகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மழை நிச்சயமில்லாத கரிசல் சமவெளிகள் உண்டு. அங்கே நிலத்தை ஓராண்டுக்கும் மேலாகத் தரிசாகப் போட்டு, களை முளைக்கவிடாமல் ஈரத்தைச் சேமித்து, பிறகு விதைப்பார்கள். ஈரம் சேர்ந்தது, தழைச்சத்தும் சேர்ந்தது. ஆனாலும் அப்படி விதைத்த சூரியகாந்தியும் மக்காச்சோளமும் குன்றிப்போயின. தரிசுக் காலம் குறைவாக இருந்த நிலத்திலோ பயிர் நன்றாக வந்தது. ஓய்வெடுத்த மண்ணில் பயிர் ஏன் நலிய வேண்டும்?

ஜான் தாம்சன் என்ற ஆய்வாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. குன்றிய பயிரின் வேர்களில் வழக்கமாக வாழும் ஒரு பூஞ்சை மிகவும் குறைந்திருந்தது. உயிருள்ள வேர் இல்லாமல் அந்தப் பூஞ்சையால் வளர முடியாது. பயிரும் களையும் இல்லாத மாதங்களில் அது தேய்ந்துபோயிருந்தது. அதனால் மண்ணில் இருந்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்கு எட்டவில்லை.

மணிச்சத்தின் குணம் அப்படி. தழைச்சத்து நைட்ரேட்டாகத் தண்ணீரில் கரைந்து வேரை வந்து சேர்ந்துவிடும். மணிச்சத்து எளிதில் நகராது. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. வேர் தன்னை ஒட்டி இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அதைச் சுற்றி மணிச்சத்து வற்றிய ஒரு வளையம் உண்டாகிறது. அந்த வளையத்தைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் தூரம் போய்ச் சத்தைக் கொண்டுவருவது பூஞ்சையின் இழைதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத அதன் தடிமன், வேர்த்தூவியும் நுழையாத மண் இடுக்குகளுக்குள் அதை நுழையவிடுகிறது.

இழையின் மறுமுனை வேரின் செல்லுக்குள் இருக்கிறது. செல்சுவரைத் துளைத்து உள்ளே போகும் பூஞ்சை, செல்லின் சவ்வைக் கிழிப்பதில்லை; சவ்வு விலகி இடம் கொடுக்க, உள்ளே குட்டி மரம்போலக் கிளைக்கிறது. அங்கேதான் கொடுக்கல் வாங்கல். பூஞ்சை மணிச்சத்தைத் தருகிறது. செடி சர்க்கரையும் கொழுப்பும் தருகிறது. ஒளிச்சேர்க்கையில் திரட்டிய கரிமத்தில் 4 முதல் 20 விழுக்காடு வரை செடி இதற்குச் செலவிடுவதாக மதிப்பிடுகிறார்கள்.

இந்த உறவு தொடங்கும் விதம் இன்னும் வியப்பானது. கரும்பிலும் சோளத்திலும் ஒட்டுண்ணியாக வளரும் சுடுமல்லியை நம் உழவர்கள் அறிவார்கள். பயிரின் வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருளின் தடம் கிடைத்தால்தான் அதன் விதை முளைக்கும். அப்படிப்பட்ட பொருளை 1966-இலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் தன் எதிரியை எழுப்பிவிடும் பொருளைச் செடி ஏன் சுரக்கிறது? 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள்: அது பூஞ்சைக்குச் செடி அனுப்பும் அழைப்பு. மணிச்சத்து குறையும்போது செடி அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. சுடுமல்லி அந்த அழைப்பை ஒட்டுக்கேட்டுப் பிழைக்கிறது. அந்த ஆபத்து இருந்தும் செடி அழைப்பதை நிறுத்தவில்லை என்றால், பூஞ்சை அதற்கு எவ்வளவு இன்றியமையாதது!

ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவங்களிலும் இதே கிளைத்த பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு இன்றைய செடிகளைப்போல் வேர் கிடையாது. பூஞ்சை தண்டின் செல்களில் குடியிருந்தது. வேர் உருவாகுமுன்பே இந்தக் கூட்டணி உருவாகிவிட்டது. இன்று நிலத்தாவரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை இவ்வகைப் பூஞ்சையோடு வாழ்கின்றன.

பைன் மரங்களுக்குத் துணை வேறு வகைப் பூஞ்சை. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வளர்க்க எடுத்த முயற்சிகள் பல ஆண்டுகள் தோற்றன. 1950-களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து நாற்றுகளுக்கு இட்டபிறகே அவை வேகமாக வளர்ந்தன. விதை மட்டும் கடல் கடந்தால் போதவில்லை. பூஞ்சையும் கூட வரவேண்டியிருந்தது.

பயிர் வேர்களில் வாழும் முதல் வகைப் பூஞ்சை தமிழ்நாட்டில் ‘வேம்’ என்ற பெயரில் உயிர் உரமாகக் கிடைக்கிறது. நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ வேரில் படும்படி இடவேண்டும். மண்ணின் மேல் தூவினால் பலன் குறைவு. ஆனால் வாங்கி இடுவதைவிட முதன்மையானது, வயலில் ஏற்கெனவே இருப்பதைக் காப்பது. அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டினால், மணிச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி பூஞ்சையை அண்டவிடாது. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி போன்ற பயிர்கள் இந்தப் பூஞ்சைக்கு இடம் கொடுப்பதில்லை. அவற்றுக்குப் பின் சோளமோ பயறோ விதைத்தால் பூஞ்சை மீண்டும் பெருகும்.

மண் பரிசோதனை அறிக்கை மணிச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அது பயிரின் வாய்க்கு எட்டுமா என்பதில் இந்த இழைகளுக்கும் பங்குண்டு. எனவே தரிசுக் காலத்திலும் வயலில் ஏதாவது ஒரு பயறோ தானியமோ வேர்விட்டு நிற்கட்டும். அந்த வேர், அடுத்த பயிருக்கான பூஞ்சையை உயிரோடு வைத்திருக்கும்.