பச்சை மை தீரும் வாரம்

கல்லூரி முதல்வர் என்றால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பவர், ஆண்டு விழாவில் மாலை வாங்கிக்கொள்பவர் என்றுதான் சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் நினைக்கிறார்கள். அந்த அறைக்கு வெளியே மேஜை போட்டு, ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தவன் நான். கல்லூரிப் பெயர் வேண்டாம். தாம்பரம் பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த, அரசு உதவி பெறும் கல்லூரி.

நவம்பர்தான் உயிரை வாங்கும். செமஸ்டர் தேர்வும் மழையும் ஒன்றாக வரும்.

திங்கள் காலை தபால். பல்கலைக்கழகக் கடிதம், இணை இயக்குநர் அலுவலகக் கடிதம், எல்லாமே 'அவசரம்'. அவற்றை ஒதுக்கிவிட்டு எங்கள் முதல்வர் மேடம் முதலில் எடுப்பது ரயில் சீசன் டிக்கெட் விண்ணப்பங்களை. கல்லூரிச் சான்று இல்லாமல் கவுண்டரில் மாணவர் சலுகை கிடையாது; ஒரு நாள் தாமதமானால் செங்கல்பட்டிலிருந்து வரும் பையனுக்குக் கைக்காசு போகும்.

செவ்வாய், புதன் இரண்டும் வருகைப் பதிவுக்கே சரி. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டி விலக்கு பெறலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் எழுத முடியாது. அந்தப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் பெற்றோர் கூட்டம் எங்கள் வராந்தாவுக்கு வந்துவிடும்.

ஒருமுறை ஓர் அம்மா வந்தார். "மேடம், இவங்கப்பாவுக்கு டயாலிசிஸ். இவன்தான் கூட்டிட்டுப் போறான்." பையனுக்கு 62. மேடம் இரக்கப்பட்டுப் பேசவில்லை. துறைத் தலைவரை வருகைப் பதிவேட்டோடு வரச் சொன்னார். "என்.எஸ்.எஸ். கேம்ப் போன நாளுக்கு இவனுக்கு ஆன் டியூட்டி போட்டீங்களா சார்?" போடவில்லை. போட்டதும் 66 ஆனது. அன்றே இன்னொரு பையனுக்கு 48. அவன் எம்.எல்.ஏ. சிபாரிசோடு வந்திருந்தான், அப்படியே திரும்பினான். விதியை எழுதியவர் வேறு யாரோ. அழுகிறவர்களுக்கு எதிரே உட்கார வேண்டியவர் முதல்வர். அந்த வேலையில் பாதி இதுதான் என்பேன்.

இதற்கு நடுவே பெரிதாக எதையும் யோசிக்க முதல்வருக்கு நேரம் எங்கே? எங்கள் பக்கத்திலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. 1837இல் தொடங்கிய அந்தக் கல்லூரி, நூறு வருடம் கழித்து ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அப்போது முதல்வர் ஏ.ஜி. ஹாக், ராதாகிருஷ்ணனுக்கே தத்துவம் கற்பித்தவர். புதர்க்காடாய்க் கிடந்த வளாகத்தில் மரம் வைத்து வளர்ப்பதில் முன்னின்ற எட்வர்ட் பார்ன்ஸ் வேதியியல் பேராசிரியர். அப்படிப்பட்ட பெரிய முடிவுகளைத்தான் வரலாறு பேசும். எனக்கோ, அத்தனை ரிஜிஸ்டரையும் கட்டி ஏற்றிய குமாஸ்தாக்களை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

வியாழன் சம்பள பில். கருவூலத்துக்குப் போகுமுன் ஒரு பெயருக்கு எதிரே விடுப்புக் கணக்கு தப்பினாலும் மொத்தமும் திரும்பி வரும்.

வெள்ளி விடியலில் மழை. விடுமுறை விடுவது கலெக்டர். எங்களுக்குச் செங்கல்பட்டு மாவட்டம். பாதிப் பிள்ளைகள் சென்னை மாவட்டம். சென்னைக்கு மட்டும் அறிவித்துவிட்டால் ஆறு மணிக்கே மேடத்தின் போன் அலறும். அன்றைக்குப் பார்த்துத்தான் செய்முறைத் தேர்வு இருக்கும். வெளியிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் முழங்கால் தண்ணீரில் நிற்பார். தேதியை மாற்ற வேண்டும், பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். போன நாளுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சுற்றறிக்கையிலும் பச்சை மைக் கையெழுத்து அவருடையதுதான், திட்டும் அவருக்குத்தான்.