தேர்ந்த செடியும் தேர்ந்த மகவும்

தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை அறியாதார் நம்மில் இலர். விதைத் தேயிலையிற் செடிக்குச் செடி குணம் வேறுபடும். அவற்றுட் சிறந்ததைத் தெரிந்து, ஓரிலையோடு கூடிய தண்டுத் துண்டுகளை நட்டு, ஒரே குணமுடைய செடிகளைப் பெருக்குவதே வீ.பி. தேயிலை முறை. அங்குத் தேர்வின் அளவுகோல் தோட்டத்தின் ஆதாயம், செடியின் நலனன்று. செடி வாய் திறந்து வினாவாது. ஆதலின் வழக்கில்லை.

மனிதக் கருவைத் தேருங்கால் வழக்கு எழுகின்றது. உடலுக்கு வெளியே கருக்கட்டிய முளையங்களை ஐந்து நாளளவு வளர்த்து, ஒவ்வொன்றிலும் சில கலங்களைச் சோதித்து, நோயற்றதையே தாயின் கருப்பையிற் சேர்ப்பர். தாயும் தந்தையும் தலசீமியா நோய் தம்மில் வெளிப்படாமல் அதனைச் சுமப்பவராயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு. வாழ்நாளெல்லாம் பிறர் குருதியேற்று வாழும் பிள்ளையைக் கண்டவர் இம்முறையைப் பழிக்க நாவெழார்.

2018 இல் இந்தியாவிற் பிறந்த பெண்மகவொன்று, தான் நோயற்றதாகவும் தன் தமையனுக்கு என்புமச்சை பொருந்துவதாகவும் தேரப்பெற்றது. 2020 இல் அகமதாபாத்தில் அதன் என்புமச்சை அவனுக்கு ஏற்றப்பட்டது. பெற்றோரின் அன்பை யார் ஐயுறுவார்? ஆயினும் கொடுத்தவளை ஒருவரும் கேட்டிலர். கேட்கும் வயதும் அவளுக்கு இல்லை. இவ்விடத்தில் என் மனம் இன்னும் தெளிந்திலது.

நோயை நீக்குதல் ஒன்று. விருப்பத்தை நிறைத்தல் வேறு. பெண்கருவை விலக்கும் கொடுமையைத் தடுக்க இந்தியா 1994 இற் சட்டமியற்றிற்று. பின்னர்க் கருக்கட்டலின் முன்னான தேர்வையும் அதில் அடக்கிற்று. அங்கே குறையெனப்பட்டது நோயன்று, பெண்மை. இனி அறிவையும் உயரத்தையும் முளையத்திலே தேர்ந்து தருவோம் என்பாரும் உளர். அறிவோ பரம்பரையலகுகள் பலவற்றாலும், ஊணாலும் கல்வியாலும் அமைவது. அவர் கூற்றில் விஞ்ஞானத்தினும் வாணிகமே மிகுதி.

தரத்தை வகுப்பவர் யார்? தந்தையும் பாட்டனும் பிறந்த இடத்தை வினாவிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவரின் மக்கள் நாம். பிறப்பைக் கொண்டு மாந்தரைப் பிரிக்கும் அளவுகோல் எவர் கையிலிருப்பினும் நமக்கு அச்சமே.

முளையச் சோதனைக்கு ஆகும் பெருந்தொகை கொழுந்து பறிக்கும் தாய்க்கு எட்டாது. எட்டுவது மணத்துக்கு முன்னான குருதிச் சோதனை. இருவரும் நோயைச் சுமப்பவரா என்பதை அஃது அறிவிக்கும். குருநாகலில் தலசீமியாவுக்கெனத் தனி வைத்திய நிலையமும் உண்டு. மேல்வகுப்பு மாணவர் இதனைத் தம் லயத்தாருக்கு எடுத்துச் சொல்லலாம்.