பார்க்கும் கருவிகள் – 9: முகம் தெரிகிறதா, கதவு பூட்டியிருக்கிறதா?

நெட்வொர்க் கேமராவின் படத் தரத்தை மெகாபிக்சலை மட்டும் வைத்து எடைபோட முடியாது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்பதே கணக்கு. ஐ.இ.சி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு இதைப் படிப்படியாக வகுத்தது: ஆள் வந்திருப்பதை அறிய 25 பிக்சல், தெரிந்தவர்தான் என்று சொல்ல 125, முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட 250.

மும்பை கோவண்டியின் பைகன்வாடி, சிவாஜி நகர் போன்ற குறுகிய சந்துகளில் இந்தக் கணக்கு உடனே கைகொடுக்கும். கடைவாசலில் மாட்டும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். அதை 250 ஆல் வகுத்தால், அடையாளம் காட்டக்கூடிய காட்சியகலம் சுமார் 7.7 மீட்டர். 2.8 மி.மீ. லென்ஸ் 100 டிகிரிக்கும் மேல் விரிந்து பார்ப்பதால், மூன்று மீட்டர் தூரத்திலேயே காட்சி அவ்வளவு அகலமாகிவிடுகிறது. அதைத் தாண்டிப் போகிறவரின் சட்டை நிறம் தெரியும், முகம் உறுதிப்படாது. சந்தில் அகலப் பார்வை பெரும்பாலும் இரண்டு பக்கச் சுவரைத்தான் படம்பிடிக்கும். 6 மி.மீ. லென்ஸ் போட்டால் முகம் தெரியும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் நீளும்.

பகலில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். இரவில் வெளிச்சம் போதாமல் ஷட்டர் 1/25 வினாடி திறந்திருந்தால், வினாடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அதற்குள் 5.6 செ.மீ. நகர்ந்துவிடுவார். இரு கண்களுக்கு நடுவே உள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான், முகம் தீற்றலாகிவிடும். அசையாமல் நிற்பவரை வைத்து இரவுச் சோதனை செய்வது வீண். ஆளை நடக்கவிட்டு, ஷட்டரை 1/100, 1/250 என்று மாற்றிப் பார்க்க வேண்டும். படம் இருளும், புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடும். இரண்டுக்கும் நடுவே எது தேறுகிறதோ அதுவே அந்தக் கேமராவின் உண்மையான திறன்.

கோவண்டியில் புகையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1927 முதல் குப்பை கொட்டப்படும் தேவ்னார் கிடங்கு பக்கத்திலேயே இருக்கிறது. 2016 ஜனவரியில் அங்கே பிடித்த தீயின் புகை சுற்றுவட்டாரத்தையே மூடியது. அகச்சிவப்பு விளக்கொளி புகையில் பட்டுத் திரும்பினால் படம் வெளுத்துப்போகும். கண்ணாடியில் படியும் தூசியும் சிலந்தி வலையும் செய்யும் வேலையும் அதுவே.

நேரலையைப் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ரெக்கார்டரில் பதிந்ததை நிறுத்திப் பார்க்க வேண்டும். பதிவு வேகத்தை வினாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு 43 ஜி.பி. ஆகும். ஹார்ட் டிஸ்க்கை மிச்சம்பிடிக்க அதைப் பாதியாகக் குறைத்தால், முதலில் கட்டம் கட்டமாகச் சிதைவது இரவுப் படம்.

அடுத்தது மென்பொருள், அதாவது கேமராவின் கதவு பூட்டியிருக்கிறதா என்பது. 2016 இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இணையப் பெயர்ச் சேவை (டி.என்.எஸ்.) அளித்த டைன் (Dyn) நிறுவனத்தைத் தாக்கிப் பல பெரிய இணையதளங்களை முடக்கியது. அந்தக் கேமராக்களின் படத்தில் எந்தக் குறையும் தெரிந்திருக்காது. இந்தியாவில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் சிசிடிவி கேமராக்களுக்கு 2024 ஏப்ரலில் வெளியிட்ட பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாயின. வன்பொருள், ஃபர்ம்வேர், தகவல் மறையாக்கம் எல்லாம் ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும்.

மாட்டுகிறவரும் சிலவற்றைத் தாமே பார்த்துவிடலாம். புதுப் பாஸ்வேர்டு வைக்காமல் கேமரா இயங்குகிறதா? டெல்நெட்டின் 23 ஆம் போர்ட் திறந்திருக்கிறதா? 554 ஆம் போர்ட் வழியே பாஸ்வேர்டு கேட்காமல் வீடியோ வருகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் அதை இணையத்தில் இணைக்கக்கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுத்து, கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக, ஒரு பதிவை வெளியே எடுத்து, அது மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆவது பிரிவின்படி நீதிமன்றத்துக்குத் தரும் சான்றிதழில் அந்த எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும்.